மூன்று வெட்டும் ஒரு சாய்வும்

ஆட்டுக்கொட்டிலுக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது.
பழையது ஜனவரிக் காற்றோடு போயிற்று.
கீல்கள் மட்டும் நின்றுகொண்டு
எதையோ பிடித்திருப்பதுபோல் பாவனை செய்தன.

பலகைக்குப் பஞ்சமில்லை.
எங்கள் ஸ்ட்ராந்திர்க் கரையில்
மரம் முளைப்பதில்லை, ஒதுங்குகிறது.
சைபீரிய ஆறுகள் தவறவிட்ட லார்ச் மரங்கள்
பனிக்கட்டியில் ஏறி, நாலைந்து வருடம் உப்பில் ஊறி
என் வாசலில் வந்து படுத்துக்கொள்கின்றன,
கூலி கேட்காமல்.

இழைப்புளிக்குத்தான் பஞ்சம்.

‘ஹோல்மாவிக் கடையில் கிடைக்குமே’ என்றான் குத்பிராந்துர்.
‘பெட்ரோல் நீ போடுகிறாயா?’ என்றேன்.
பேசாமல் போனவன்
மாலையில், செத்த லேண்ட்ரோவரின் வில்தகடு ஒன்றைப்
பூனை எலியைப் போடுவதுபோல்
என் காலடியில் போட்டான்.

அதை அறுத்தேன், அலகாக.
அடுப்பில் சிவக்கவிட்டேன்,
காந்தம் ஒட்ட மறுக்கும் சூடுவரை.
வேறு எண்ணெய் இல்லை, மீனெண்ணெயில் முக்கினேன்.
மூன்று நாள்
திரைச்சீலை, தலையணை, ரொட்டி
எல்லாம் ஈரல் வாடை.
பிறகு இளஞ்சூட்டில் வைத்து
வைக்கோல் நிறம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடலுக்கு, உடைந்த படகின் ஓக் விலா.
வைரம் பாய்ந்தது, உளியைத் திட்டியது.
நாற்பத்தைந்து பாகைக்கு
மின்கட்டண ரசீதைச் சதுரமாக வெட்டி
மூலைக்கு மூலை மடித்தேன்.
வாய் திறந்தேன். தொண்டை குடைந்தேன்.
அடுத்தவருக்கு ஆப்பு வைப்பது சுலபம்;
இதற்குச் சரியாக ஒன்று வைக்க
எட்டு சீவவேண்டியிருந்தது.

அடிப்பக்கம் மட்டமாக இருக்கவேண்டும்.
மட்டமாக்க ஓர் இழைப்புளி வேண்டும்.
இந்த இடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி
மேசையில் கிடத்தி, மேலே உப்புத்தாள் ஒட்டி
கட்டையைத் தேய்த்தேன்.
தாள் மூடாத ஓரத்தில்
என் தாடை மட்டும் போய்ப் போய் வந்தது.

முதல் தள்ளில் விக்கியது.
சீவல் தொண்டையில் மடிந்து மடிந்து
மீன்முள் சிக்கிய நாய்போல் இருமியது.
வாயை அரத்தால் அகலமாக்கினேன்.
அகலமானதும் முரடாகிவிட்டது,
நாரைக் கடித்துப் பிய்த்தது.
முன்னுதட்டில் ஒரு சில்லு ஒட்டி
மயிரிழை விட்டுவைத்தேன்.

அப்புறம் வந்தது அந்த ஒலி.
ஈரக் கம்பளிச் சட்டையைத்
தலைவழியே கழற்றும் ஒலி.

மூன்றாம் பலகை, மரத்தின் வெளிப்புறம்.
அதில் ஒரு குறி:
கோடாரியின் மூன்று வெட்டு, பக்கத்தில் ஒரு சாய்வு.
வெட்டியவன் கணக்கோ, கும்பலின் எண்ணோ.
எனக்கு அவன் எழுத்து தெரியாது.
அவனுக்கு என் கதவு தெரியாது.

‘விட்டுவிடேன், அழகாயிருக்கிறது’ என்றான் குத்பிராந்துர்.
அழகுதான்.
ஆனால் அந்த இடம் தீக்குச்சிக் கனம் மேடு.
கதவு சாத்தாது. குட்டி போடப்போகும் ஆடுகள்
உள்ளே.

தள்ளினேன்.
முதல் சீவலில்
மூன்று ஓட்டை, ஒரு சாய்ந்த ஓட்டை.
அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்
கொஞ்சம் மெலிந்து.
எங்கோ ஒருவன் கோடாரியை உயர்த்துவதுபோல்,
வெட்டு வெட்டாக, வந்த வழியே திரும்பி.
பதினேழில் சாய்வு போயிற்று.
இருபத்தொன்றில்
முழுச் சீவல் ஒன்று சுருண்டு வந்தது
பிசின் மணத்தோடு,
ஒன்றும் நடக்காததுபோல்.

முதல் சீவலைக் கண்ணில் வைத்து
ஓட்டைவழியே கடலைப் பார்த்தான் குத்பிராந்துர்.
‘தெரிகிறதா?’
‘தண்ணீர்.’
அடுப்பில் போட்டான். காப்பி கொதித்தது.

இப்போது கதவு சாத்துகிறது.
மழைநாளில் கீழ்மூலை மட்டும் பிடிக்கும்;
காலால் ஓர் உதை.

கண்ணாடியைத் திரும்ப மாட்டவில்லை.
படகில் இன்னொரு விலா இருக்கிறது,
இதைவிட நீளம்.